ராஜாமணி ஆன்ட்டிக்கு யார் பாலிசி எடுப்பது?

இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுக்கு ஒரு சௌகரியம் உண்டு: எவ்வளவு கூட்டமான நாளிலும் கோயிலில் அவனைச் சுற்றி நாலடி இடம் காலியாக இருக்கும். கடல் தாண்டி வந்து குடியேறிய லிவர்மோர் ஊர்க் கோயிலில் ஏழெட்டு வருஷமாக எனக்கு அப்படித்தான். நான் சந்நிதிக்கு வலப்பக்கம் நின்றால், தெரிந்தவர்கள் எல்லோரும் இடப்பக்கம் போய்க் கண்ணை மூடிக்கொள்வார்கள். உங்களில் யாராவது இதே தொழிலில் இருந்தால் இப்போது தலையாட்டுவீர்கள். மற்றவர்கள் அந்தக் கண்ணை மூடிக்கொண்ட கூட்டத்தில் இருந்திருப்பீர்கள். உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. நானும் பல் டாக்டரைக் கடையில் பார்த்தால் அப்படித்தான் செய்கிறேன்.

விற்ற பாலிசிகள் எதுவும் மனதில் நிற்பதில்லை. விற்காமல் விட்ட ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. இந்தத் துணுக்குகள் எல்லாம் அதைச் சுற்றித்தான்.

பாரத்தில் ஒரு கட்டம்

சுந்தரும் கவிதாவும் ஊர் ஓரத்தில் புது வீடு வாங்கியிருந்தார்கள். இரண்டு பேருக்கும் மலைக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. காலை ஏழுக்குள் ஃப்ரீவேயில் ஏறினால்தான் ஒன்பதுக்குப் போய்ச் சேர முடியும். திரும்பும்போதும் அதே கதை. மூன்று வயது மகள் அனுவைப் பார்த்துக்கொள்ள ராஜாமணி ஆன்ட்டி வந்துகொண்டிருந்தார். கோபிச்செட்டிபாளையத்துக்காரர். கணவர் பழனிசாமி ஒரு கிடங்கில் வேலை பார்த்தார், காலையில் போகிற வழியில் மனைவியைக் காரில் இறக்கிவிட்டுப் போவார். ஆன்ட்டி என்னைவிட ஐந்தாறு வயது சிறியவர். ஆனாலும் ஊரே ஆன்ட்டி என்றதால் நானும் ஆன்ட்டி என்றேன். அவர் என்னை அண்ணா என்றார்.

வீட்டு இன்சூரன்ஸ் பாரத்தை நிரப்ப ஒரு சனிக்கிழமை போனேன். கூரை எந்த வகை, நாய் உண்டா, நீச்சல் குளம் உண்டா என்று கேட்டுக்கொண்டே வந்து, "வீட்டில் சம்பளத்துக்கு வேலை செய்பவர் யாராவது உண்டா?" என்ற கட்டத்துக்கு வந்தேன். கேட்ட நேரத்தில் ஆன்ட்டி என் முன்னால் காபி டம்ளரை வைத்துக்கொண்டிருந்தார். கவிதாவின் முகம் சிவந்துவிட்டது. "என்ன அங்கிள், ஆன்ட்டியைப் போய் அப்படிச் சொல்ல முடியுமா? எங்க வீட்டு மனுஷி" என்றாள். சுந்தர் தரையைப் பார்த்தான். எனக்கும் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கக் கூச்சமாக இருந்தது. காபி நன்றாக வேறு இருந்தது. 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

கிளம்பும்போது வழக்கம்போல ஃபிரிட்ஜில் ஒட்ட என் மேக்னட் ஒன்றைக் கொடுத்தேன். பிள்ளையார் படம், கீழே என் ஃபோன் நம்பர், அதற்குக் கீழே தமிழில் 'எது நடந்தாலும் கூப்பிடுங்கள்' என்று அச்சடித்தது. ஆன்ட்டிதான் வாங்கி ஒட்டினார். அந்த ஃபிரிட்ஜில் தமிழில் இருந்தது அது ஒன்றுதான். ஒட்டிவிட்டு, எதிர்பார்க்காத சந்தோஷத்தோடு சொன்னார்:

"நல்லா எழுதிக்குங்ண்ணா. நானும் இந்த வூட்டு ஆளுதானுங்க."

சாம்பார் சாதமும் ஒரு விவாதமும்

ஆறு மாதம் கழித்து, குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்கென்றே ஒரு தனி பாலிசி இருப்பது எனக்குத் தெரியவந்தது. அவரவர் பெயரிலேயே எடுக்கலாம். அவர் கவனிப்பில் இருக்கும்போது குழந்தைக்கு ஏதாவது ஆகி, பழி அவர்மேல் வந்தால் கைகொடுக்கும். உடனே ராஜாமணி ஆன்ட்டி ஞாபகம் வந்தது. அதற்குள் அவர் இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தெரு ராகவன் தன் நாலு வயது மேக்னாவையும் காலையில் சுந்தர் வீட்டில் விட்டுவிட்டுப் போவார். சம்பளம் இரண்டு குடும்பமும் பாதிப் பாதி.

கோயில் சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு தம்பதிகளையும் பிடித்து உட்கார வைத்தேன். எதிரில் சாம்பார் சாதம் இருந்ததால் அவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. விஷயத்தைச் சொன்னதும் ராகவன்தான் முதலில் பேசினார்: "சார், டாக்டர் அவரோட இன்சூரன்ஸை அவரேதானே கட்டறார்? பேஷன்ட்டா கட்டறான்? இது ஆன்ட்டியோட புரொஃபெஷன். அவங்கதான் கட்டணும்." கவிதாவுக்குக் கோபம். "டாக்டர் சம்பளமா குடுக்கறோம் நாம? நம்ம குழந்தைங்க. நாமதான் கட்டணும்." சுந்தர் மெதுவாக, "நாம கட்டினா, நாமதான் முதலாளின்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே. அப்புறம் டாக்ஸ், பேப்பர்னு ஒவ்வொண்ணா வரும்" என்றான். "அப்போ மேக்னா அவங்ககிட்ட கத்துக்கிட்டு என் பாஸ்கிட்ட ஃபோன்ல 'ஏனுங்க'ன்னு சொன்னாளே, அதுக்குக் கவரேஜ் உண்டா?" என்று ராகவன் கேட்க, எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

சிரிப்பு அடங்கும்போது யாரோ என் தட்டில் தயிர் சாதம் வைத்தார்கள். நிமிர்ந்து பார்த்தேன். ராஜாமணி ஆன்ட்டி. அன்றைக்குப் பரிமாறுகிற முறை அவருடையது. எவ்வளவு நேரமாக எங்கள் வரிசையில் இருந்தார் என்று தெரியாது. அவரைப் பற்றிய பேச்சுக்கு அவரைக் கூப்பிட வேண்டும் என்று என் புத்திக்கு ஏன் படவில்லை என்பதும் இன்றுவரை தெரியாது. அவர் கேட்டது ஒன்றுதான்:

"ஊறுகாய் வெக்கட்டுங்களா, இல்ல பேசி முடிச்சிட்டு வெக்கட்டுங்களா?"

அவர் கேட்ட கேள்வி

மறுநாள் வெட்கத்தோடு அவர்களுடைய அபார்ட்மென்ட்டுக்கே போனேன். பழனிசாமி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பக்கத்து ஊரான டிரேசியில் சின்னதாக ஒரு வீடு வாங்க இரண்டு பேரும் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டின் விளம்பரத் தாள் டிவி மேல் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. நான் பாலிசியைப் பற்றிச் சொல்லி முடித்ததும் ஆன்ட்டி என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "தப்பா எடுத்துக்காதீங்ண்ணா. நாளைக்கு நான் இந்தக் காயிதத்தைக் கொண்டுட்டுப் போயி நின்னா, அந்தப் புள்ளைங்க என்ன நெனைக்கும்? ஆன்ட்டி கொழந்தையக் கீழ போட்டுருவாங்களாட்டிருக்குது, அதுதான் இப்பவே எழுதி வெக்கறாங்கன்னு நெனைக்காதுங்களா?" என்றார்.

நியாயமாகத்தான் பட்டது. அப்புறம் எதிர்பாராமல் கேட்டார்: "உங்க பாப்பாவச் சின்னதுல ஆருங்ண்ணா பாத்துக்கிட்டாங்க? அவங்களுக்கு இந்தக் காயிதத்த ஆரு எடுத்துக் குடுத்தாங்க?" நான் தாளைப் புரட்டினேன். நாங்கள் முதலில் நியூ ஜெர்சியில் எடிசனில் இருந்தோம். என் மனைவி வேலையிலிருந்து வரும்வரை, பள்ளிவிட்டு வரும் என் மகளை மாடி வீட்டு குஜராத்திப் பெண் ஒருத்தி இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டாள். பென் என்றுதான் கூப்பிடுவோம். அது பெயரே இல்லை, அக்கா என்கிற மாதிரி. அவள் பெயர் என்ன என்று நான் கேட்டதில்லை. அவளிடமிருந்த நாட்களில் என் மகளுக்கு ஒரு சிராய்ப்புகூட வந்ததில்லை. வந்திருந்தால் நான் என்ன பேசியிருப்பேன்? ராகவன் மாதிரியா, கவிதா மாதிரியா?

பாலிசித் தாளை அவர்கள் மேஜையில் வைக்கக்கூட இல்லை. வற்புறுத்தினால் இரண்டு குடும்பங்களுக்கும் மனக்கசப்பு வரும், அவர்களுடைய வீட்டுப் பாலிசியும் கார் பாலிசியும் என் கையைவிட்டுப் போகும் என்ற கணக்கும் என் மனதில் ஓடியது. அதை இங்கே மறைத்துப் பிரயோஜனமில்லை. தாளை மடித்துப் பையில் வைத்தேன். வாசல்வரை வந்த ஆன்ட்டி சொன்னார்:

"நீங்க எப்ப பதில் சொல்றீங்களோ, அப்ப நான் கையெழுத்துப் போடறனுங்க."

மூன்றாவது விசில்

அடுத்த வசந்த காலத்தில் ஒரு வியாழக்கிழமை, காலை பத்தரை மணி. ஆபீஸ் ஃபோன் அடித்தது. எடுத்ததும் அழுகை. "அண்ணா, மேக்னாப் பாப்பா சறுக்குல இருந்து விழுந்துருச்சுங்க, கை திரும்பிக் கெடக்குதுங்க. கவிதா அம்மிணிக்குப் போட்டேன், மீட்டிங்ல இருக்குதாமா. மத்தவிங்க ஆரும் எடுக்கலீங்க." ஃபிரிட்ஜைப் பார்த்திருக்கிறார். பிள்ளையாருக்குக் கீழே இருந்த நம்பரை அழுத்தியிருக்கிறார். ஃபோனை வைத்துவிட்டு உடனே ஆம்புலன்ஸுக்குப் போடுங்கள், விலாசம் மட்டும் சொன்னால் போதும், கையை அசைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் வந்திருந்தது. முழங்கை முறிவு. அனு சுவரோரம் கட்டை விரலைச் சப்பிக்கொண்டு நின்றாள். வீடெல்லாம் பருப்பு வேகிற வாசனை. அன்று மாலை சுந்தரின் மேனேஜர் சாப்பிட வருவதாக இருந்தது. "ஆன்ட்டி, பருப்பு மட்டும் கொஞ்சம் வேக வச்சிடறீங்களா?" என்று காலையில் கவிதா கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். மூன்றாவது விசில் வந்ததும் அடுப்பை அணைக்க ஆன்ட்டி உள்ளே போயிருக்கிறார். போய்த் திரும்பும் நேரம்தான். அதற்குள் மேக்னா தோட்டத்துச் சறுக்கு மரத்தில் கீழிருந்து மேலாக ஏறி விழுந்திருக்கிறாள்.

ஆம்புலன்ஸ்காரர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கும்போது ஆன்ட்டி அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "கண்ணு, சாமி, நான் கிறுக்கச்சி, உன்னய விட்டுட்டுப் போயிட்டேனே" என்று புலம்பினார். மேக்னாவுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். பதில் மட்டும் பெரும்பாலும் இங்கிலீஷில்தான் வரும். மறு கையை நீட்டி அவர் கன்னத்தைத் தொட்டாள்:

"டோன்ட் க்ரை, ஆன்ட்டி. இட்ஸ் ஒன்லி மை எல்போ."

ராகவன் கொண்டுவந்த கடிதம்

கை கூடிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் ஒரு மாதம் கழித்து ராகவனுடைய மருத்துவ இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. குழந்தை எங்கே விழுந்தது, யார் வீடு, யார் பார்த்துக்கொண்டிருந்தார், வேறு யாராவது இதற்குப் பொறுப்பா? ஆஸ்பத்திரிச் செலவை வேறொருவர் தலையில் கட்ட முடியுமா என்று பார்ப்பதற்கான கேள்விகள். கட்டுவதென்றால் முதலில் சுந்தரின் வீட்டுப் பாலிசி. அதிலோ சம்பளத்துக்கு ஆள் இல்லை என்று நானே டிக் போட்டிருக்கிறேன். பொய்த் தகவல் என்று அங்கே கதவை மூடினால் அடுத்தது ராஜாமணி ஆன்ட்டி. அவரிடம் பாலிசி கிடையாது. இருந்ததெல்லாம் டிவி மேல் சாத்தியிருந்த அந்த வீட்டுக்காகச் சேர்த்த பணம் மட்டும்தான்.

ராகவன் கடிதத்தை என் ஆபீஸ் மேஜையில் வைத்தார். விபத்துக்குப் பிறகும் மேக்னாவை அவர் வேறெங்கும் அனுப்பவில்லை. மாவுக்கட்டோடு ஆன்ட்டியிடம்தான் வந்துகொண்டிருந்தாள். "சார், 'ஃப்ரெண்ட் வீட்டுல விளையாடிட்டு இருந்தா'ன்னு ஒரு வரி எழுதிட்டா முடிஞ்சிடும் இல்லையா? கவிதாவும் அதைத்தான் சொல்றா. ஆன்ட்டி பேரே வராது." முடிந்துவிடும் என்பது எனக்கும் தெரிந்தது. என் டிக்கும் வெளியே வராது, லைசென்ஸும் பிழைக்கும். ஆன்ட்டியைக் காப்பாற்றப் பொய் சொல்கிறோமா, அவரைக் காட்டி எங்களைக் காப்பாற்றிக்கொள்கிறோமா? அவரை வீட்டு மனுஷி என்று சொல்லி டிக் போட்டபோதும் இதே நல்ல எண்ணம்தானே இருந்தது? "எழுதாதீங்க ராகவன். நடந்ததை அப்படியே எழுதுங்க. பாரத்துல தப்பா டிக் போட்டது நான்னு கம்பெனிக்கு நானே சொல்லிடறேன்" என்றேன்.

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சொன்னது:

"அப்பாடா. இதை யாராவது சொல்லணும்னுதான் சார் இவ்வளவு தூரம் வந்தேன்."

மொழிபெயர்ப்பாளர்

விசாரிக்க என் கம்பெனி ஒரு பெண்மணியை அனுப்பியது. நரைத்த தலை, கையில் மஞ்சள் நோட்டு. ஒரு சனிக்கிழமை சுந்தர் வீட்டுச் சமையலறையில் எல்லோரும் உட்கார்ந்தோம். ஆன்ட்டிக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது, அதனால் நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. "இவர் உங்கள் குடும்பத்தவரா, இங்கே வேலை செய்பவரா?" என்று அந்த அம்மாள் கேட்டார். கவிதா, "ஷி இஸ் லைக்..." என்று ஆரம்பித்தாள். ஆன்ட்டி அவள் கைமேல் தன் கையை வைத்தார். "அம்மிணி, இரு. என்னயத்தான கேக்கறாங்க." என்னைப் பார்த்துத் திரும்பினார். "சொல்லுங்ண்ணா. நான் இங்க வேலைக்கு வாரனுங்க. காத்தால ஆறே முக்காலுக்கு வருவேன், பொழுதோட ஏழு மணிக்குப் போவேன். ரெண்டு கொழந்தைங்க. அன்னிக்குக் குக்கர அமத்தறதுக்கு உள்ள போனேன். என்ற தப்புத்தானுங்க."

இங்கே எனக்கு ஒரு சோதனை. அந்த அறையில் தமிழ் தெரியாதவர் ஒருவர்தான். குக்கரை நான் விழுங்கியிருந்தால் யாரும் என்னைத் தடுத்திருக்க மாட்டார்கள். கவிதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லுக்குச் சொல் சொன்னேன், குக்கர் உட்பட. முடிப்பதற்குள் கவிதா குறுக்கிட்டாள், இங்கிலீஷில்: அது எங்கள் வீட்டு விருந்துக்கான பருப்பு, அவருடைய வேலையே இல்லை, குழந்தைகளைப் பார்க்கத்தான் சம்பளம், சமையல் நான் சும்மா கேட்டது, அவரால் மறுக்க முடியாது என்று தெரிந்தே கேட்டது.

அந்த அம்மாள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "அப்படியானால் விண்ணப்பத்தில் 'இல்லை' என்று டிக் போட்டது யார்?" நான் கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. "இவர் சம்பளத்துக்கு வருகிறார் என்று அன்றைக்கே தெரியுமா?" தெரியும் என்றேன். நோட்டை மூடிவிட்டுச் சமையலறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பார்வை ஃபிரிட்ஜில் போய் நின்றது. தமிழில் எழுதியிருந்தது என்ன என்று கேட்டார். சொன்னேன். திட்டாமல், கிட்டத்தட்டப் பரிதாபமாகச் சொன்னார்:

"நல்ல வாசகம். 'யாராக இருந்தாலும்' என்று போடாமல் விட்டுவிட்டீர்கள்."

அதே கூடம், ஒரு நாற்காலி அதிகம்

கம்பெனி எங்களை நினைத்ததைவிட மரியாதையாக நடத்தியது. வீட்டில் விழுந்த விருந்தாளிகளுக்கான பகுதியிலிருந்து செலவைக் கொடுத்துவிட்டு, ஆன்ட்டி பக்கம் போகவில்லை. சுந்தருக்கு, வேலை செய்பவரைச் சேர்த்துப் பாலிசியை மாற்றச் சொல்லிக் கடிதம். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். அது என் மேஜை டிராயரில் மேலாக இருக்கிறது. புது பாரம் எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படட்டும் என்று அங்கேயே விட்டிருக்கிறேன்.

மறுபடி கோயில் கூடத்தில் கூடினோம். இந்த முறை ராஜாமணி ஆன்ட்டியும் பழனிசாமியும் எங்களோடு உட்கார்ந்தார்கள். வேறு யாரோ பரிமாறினார்கள். நான் அந்தப் பழைய பாலிசித் தாளை எடுத்து நடுவில் வைத்தேன். "ஆன்ட்டி, பாதி நான் கட்டறேன்" என்றார் ராகவன். "முழுசும் நாங்க கட்டறோம்" என்றாள் கவிதா. டாக்டர் உதாரணத்தை இந்த முறை யாரும் இழுக்கவில்லை. ஆன்ட்டி என்னைப் பார்த்து, "அண்ணா, நான் அன்னிக்குக் கேட்டதுக்குப் பதில் கெடச்சுதுங்களா?" என்றார். கிடைத்தது என்றேன். "என் மகளைப் பாத்துக்கிட்டவளுக்கு நான்தான் கட்டியிருக்கணும். கட்டறதுக்கு முன்னாடி அவள் பேரையாவது கேட்டிருக்கணும்."

அவர் தலையாட்டினார். தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் பேசினார். பிசைகிற கை நிற்கவே இல்லை. "நீங்க ஆரும் கட்ட வேண்டாமுங்க. கட்டுனா அப்பறம் அது நீங்க எனக்குக் குடுத்த சீலையாட்ட ஆயிரும். என்ற பேருல இருக்கறத நானே கட்டிக்கறேன். என்ற வேலை என்னன்னு அந்தப் பாரத்துல நல்லாத் தெரியற மாதிரி எழுதுங்க. அப்பறம், சமையலு கெடையாதுங்க." பழனிசாமி சிரிப்பை அடக்கிக்கொண்டு ரசத்தை உறிஞ்சினார். 'தொழில்' என்ற கட்டத்தில் 'குழந்தைப் பராமரிப்பு' என்று நான் எழுதியதை ஆன்ட்டி வாங்கிப் பார்த்தார். எழுத்து இங்கிலீஷில் இருந்ததால் மேக்னாவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். குணமான கையால் தாளைப் பிடித்து அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஆன்ட்டி கையெழுத்துப் போட்டார். பேனாவை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கவிதாவையும் ராகவனையும் பார்த்து, ஊறுகாய் கேட்பதுபோல் சாதாரணமாகச் சொன்னார்:

"நான் கட்டோணும்னா, அதுக்குத் தக்கன சம்பளத்த ஏத்திக் குடுத்துருங்க, அம்மிணி."

எது நடந்தாலும் கூப்பிடச் சொல்லி இத்தனை வருஷமாக நூற்றுக்கணக்கான வீடுகளில் மேக்னட் ஒட்டியிருக்கிறேன். அதை நம்பி, ஆம்புலன்ஸுக்கும் முன்னால் என்னைக் கூப்பிட்ட ஒரே மனுஷி, அன்றைக்கு என்னிடம் பாலிசி இல்லாதவர்தான்.